கம்பஸா, வெளிநாடா? ஏ.எல் முடித்த வன்னி வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் சின்னதாக ஒரு கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, லமினேற், ஒன்லைன் விண்ணப்பம், இவ்வளவுதான் தொழில். ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) முடிவு வருகிற கிழமை கடை வாசலில் செருப்புக் கழற்ற இடமிராது. முதல் நாள் பிள்ளைகள் தனியே வந்து முடிவை அச்செடுத்துப் போவார்கள். மூன்றாம் நாள் தகப்பனோடு வருவார்கள். கேள்வி அதற்குள் மாறியிருக்கும்.

"தம்பி, பிள்ளைக்குக் கம்பஸ் கிடைக்கும்போலத்தான் கிடக்கு. ஆனா லண்டனில இருக்கிற சித்தப்பா, அங்க வந்து படிக்கட்டாம் எண்டுறார். என்ன செய்யிறது?"

நான் கல்வி அதிகாரி இல்லை. ஆனால் இங்கத்தைய அரச பல்கலைக்கழகம் (கம்பஸ்), வெளிநாடு என்று இரண்டு வழியாலும் போனவர்களின் படிவங்கள் என் மேசையால்தான் போயிருக்கின்றன. பாதியில் திரும்பியவர்களின் படிவங்களும்தான். நான் கண்டது இது: எல்லா வீட்டிலும் இரண்டு வழியையும் "நல்லபடியாக முடிந்தால்" என்று வைத்தே ஒப்பிடுகிறார்கள். "நடுவில் நின்றுபோனால்" என்று எவரும் ஒப்பிடுவதில்லை. ஆகவே வருகிறவர்களிடம் முதலில் ஒரு சீ.ஆர் கொப்பி வாங்கச் சொல்வேன். பக்கத்தை மூன்றாகக் கோடு போடுங்கள். இங்கே, அங்கே, நின்றால். இனி வரும் ஒவ்வொரு படியையும் அந்த மூன்றிலும் எழுதிக்கொண்டு போங்கள்.

முதல் படி: வெளிநாட்டுக் கதை எதுவானாலும் மானியங்கள் ஆணைக்குழு விண்ணப்பத்தைப் போடுங்கள்

"நான் எப்படியும் போகப்போறன், பிறகேன் இது?" என்று விண்ணப்பத்தை விட்டவர்களைக் கண்டிருக்கிறேன். ஆறு மாதம் கழித்து விசா மறுக்கப்பட்டபோது கையில் இரண்டும் இல்லை. அரச பல்கலைக்கழகங்களுக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்கிற பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூல் வந்ததும் விண்ணப்ப காலம் குறுகியது. முடிந்தால் முடிந்ததுதான்.

வன்னிப் பிள்ளைக்கு இதில் ஒரு தனி அனுகூலம் உண்டு. பெரும்பாலான கற்கைகளுக்கு இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமையில் போகிறது. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பிரிகிறது. மிச்சம் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அதனால் மருத்துவம், பொறியியல் போன்றவற்றுக்கு முல்லைத்தீவு வெட்டுப்புள்ளியும் கொழும்பு வெட்டுப்புள்ளியும் ஒன்றாக இருப்பதில்லை. கொழும்பில் இருந்திருந்தால் கைவிட்டுப் போயிருக்கும் இசட் புள்ளி (ஏ.எல் பெறுபேற்றை வைத்துக் கணக்கிடும் தரப்புள்ளி) இங்கே இடம் எடுத்துத் தரும். இதை அறியாமல் "என்ர புள்ளிக்கு ஒண்டும் வராது" என்று ஏஜென்சி வாசலில் போய் நிற்பவர்கள் அதிகம். கலைப் பிரிவுக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே பெரும்பாலும் அகில இலங்கைத் திறமைதான்.

ஏ.எல்லுக்காக யாழ்ப்பாணம் போய்ப் படித்தவர்கள் கைநூலில் மாவட்டம் பற்றிய பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள். எந்த முகவரியில் இருக்கிறீர்கள் என்பதைவிட, பரீட்சைக்கு முந்திய வருடங்களில் எந்த மாவட்டப் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள்.

யூனிகோட் வரிசையை, அதாவது எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தக் கற்கை வேண்டும் என்ற விருப்ப வரிசையை, ஆறுதலாக நிரப்புங்கள். கிடைத்தாலும் போகமாட்டேன் என்பதை மேலே போடாதீர்கள். இங்கே எங்கள் ஊர்ப் பெற்றோர் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். மகளுக்கு மாத்தறையில் ருகுணு என்றால் "ஐயோ, அவ்வளவு தூரமோ, சிங்கள ஊர்" என்பார்கள். அதே மகளை ரொறன்ரோவுக்கு அனுப்பக் காணியை ஈடு வைக்கத் தயார். மிகிந்தலையில் இருக்கும் ரஜரட்டப் பல்கலைக்கழகம் வவுனியாவிலிருந்து இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. அதையும் வரிசையில் வெட்டிவிடுகிறார்கள்.

இரண்டாம் படி: "இங்கே" என்ற நிரலில் எத்தனை கதவு?

கம்பஸ் என்றால் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி மட்டும் என்று நினைத்த காலம் போய்விட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்கள் கிளிநொச்சி அறிவியல் நகரில்தான் இருக்கின்றன. வவுனியா பம்பைமடுவில் அதன் வளாகமாக இருந்தது 2021 ஆகஸ்ட் முதலாம் திகதி தொடக்கம் வவுனியாப் பல்கலைக்கழகம். பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் மூன்றும் அங்கே.

இசட் புள்ளி காணாவிட்டால் உடனே பாஸ்போட் எடுக்க ஓடவேண்டாம். அறிவியல் நகரிலேயே இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது, கைத்தொழில்நுட்பத்தில் என்.வி.கியூ (தேசிய தொழிற்தகைமை) மட்டங்கள். ஆசிரியராக விருப்பம் என்றால் வவுனியா பூந்தோட்டத்தில் தேசிய கல்வியியற் கல்லூரி. உயர் தேசிய டிப்ளோமாவுக்கு உயர் தொழில்நுட்ப நிறுவகங்கள். வேலை செய்துகொண்டு படிக்கத் திறந்த பல்கலைக்கழகம். அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு, அங்கீகாரம் பெற்ற தனியார் பட்டங்களுக்கு அரசின் வட்டியில்லா மாணவர் கடன் ஒன்றும் 2017 தொடக்கம் இருக்கிறது. இவற்றையும் கொப்பியில் எழுதுங்கள். "கம்பஸா, வெளிநாடா" என்று இரண்டே கதவு வைத்துப் பார்க்கிறவருக்கு ஒன்று அடைபட்டால் மற்றது தெய்வமாகத் தெரியும்.

மூன்றாம் படி: காசு

இதற்கு ஒரு முழுப் பின்னேரம் ஒதுக்குங்கள். தாயும் தகப்பனும் பிள்ளையும் ஒன்றாக இருக்கவேண்டும். பிள்ளைக்கு மறைத்துச் செய்கிற கணக்கு கடைசியில் பிள்ளையின் தலையில்தான் விழும்.

முதலில் இங்கே. அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரிப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. அறை, சாப்பாடு, பஸ், போட்டோக்கொப்பி, டேட்டா எல்லாம் சேர்த்து மாதம் 27,000 ரூபா என்று வைத்தால் நான்கு வருடத்துக்கு ஏறத்தாழ 13 லட்சம். விடுதி கிடைத்தால் குறையும். வீட்டிலிருந்து போய்வரும் அறிவியல் நகர்ப் பிள்ளைக்கு இன்னும் குறையும். மகாபொல புலமைப்பரிசில் கிடைத்தால் அதில் ஒரு பங்கு கழியும். 5,000 ரூபாவாக இருந்த மாதத் தொகையை 7,500 ஆக்குவதாக 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள்.

இனி அங்கே. எல்லோரும் கேட்பது பாடக் கட்டணம் எவ்வளவு என்றுதான். அது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். சேர்க்கைக் கடிதத்தில் இருக்கும். நான் காட்டுவது அதற்கு அப்பால் இருக்கிற கணக்கை.

பிரித்தானியா: லண்டனுக்கு வெளியே என்றால் மாதம் 1,171 பவுண்படி ஒன்பது மாதத்துக்கு, அதாவது 10,539 பவுண், வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருந்ததாகக் காட்டவேண்டும். 2025 நவம்பர் தொடக்கம் உள்ள அளவு இது. லண்டனுக்குள் என்றால் மாதம் 1,529. ஒரு பவுணை 400 ரூபா என்று பிடித்தால் வெளியூர்க் கணக்கே 42 லட்சத்தைத் தாண்டும். அதோடு சுகாதார மேலதிகக் கட்டணம் வருடத்துக்கு 776 பவுண். அதை வருடாவருடம் கட்டமுடியாது. விசா போடும்போதே முழுக் காலத்துக்கும் கட்டவேண்டும். மூன்று வருடப் படிப்புக்கு 2,328 பவுணுக்குக் குறையாது.

கனடா: 2025 செப்டெம்பர் தொடக்கம் தனி ஆளுக்கு வாழ்க்கைச் செலவாக 22,895 கனேடிய டொலர் காட்டவேண்டும். பாடக் கட்டணமும் பயணச்செலவும் புறம்பு. 220 ரூபாப்படி 50 லட்சம்.

அவுஸ்திரேலியா: வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டொலர். விசாக் கட்டணம் மட்டும் 2025 ஜூலையிலிருந்து 2,000 டொலர். விசா கிடைக்காவிட்டாலும் அந்த 2,000 திரும்பி வராது.

ஜேர்மனி கொஞ்சம் வேறு. பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் பாடக் கட்டணம் இல்லை. பாடன்–வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் எங்களைப் போன்ற வெளிநாட்டவருக்கு ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ. முடக்கிய கணக்கில் வருடத்துக்கு 11,904 யூரோ வைக்கவேண்டும். அதிலிருந்து மாதம் 992 உங்கள் கைக்கே வரும். ஆனால் ஜேர்மன் மொழி வேண்டும், ஏ.எல் பாடங்களைப் பொறுத்துச் சிலருக்கு ஒரு வருட ஆயத்தப் படிப்பும் வரும்.

இந்த எண்கள் அடிக்கடி ஏறும். அந்தந்த நாட்டு அரச இணையத்தளத்தில் பார்த்து, பார்த்த திகதியையும் பக்கத்தில் எழுதுங்கள்.

நாணய மாற்று இன்னொரு பூதம். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபா. அதே வருடம் மே மாதத்துக்குள் 360. இரண்டாம் வருடக் கட்டணம் கட்டக் காத்திருந்த வீடுகளுக்கு ஒரே இரவில் இன்னொரு பிள்ளையைப் படிக்கவைக்கிற செலவு வந்து சேர்ந்தது. ஆகவே எந்த வெளிநாட்டுத் தொகையையும் இன்றைய விலையில் ஒருதரமும், அதன் மேல் மூன்றிலொன்று கூட்டி ஒருதரமும் எழுதுங்கள். இரண்டாவது எண்ணைப் பார்த்து வயிறு கலங்கினால் அதை "நின்றால்" நிரலில் குறியுங்கள்.

"பகுதிநேர வேலை செய்து கட்டலாம்" என்பது அடுத்த கதை. பிரித்தானியாவில் பட்டப்படிப்பு மாணவருக்குப் பாடக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம், கனடாவில் 24, அவுஸ்திரேலியாவில் இரண்டு கிழமைக்கு 48. பிரித்தானியாவில் 21 வயதுக்குக் கீழே குறைந்தபட்சக் கூலியும் குறைவு, ஏ.எல் முடித்த கையோடு போகிற பிள்ளை அந்த வயதுக்குள்தான் நிற்கும். அந்தச் சம்பளம் சாப்பாட்டுக்கும் அறைக்கும் கைகொடுக்கும். பாடக் கட்டணத்தை அதில் நம்பாதீர்கள்.

நான்காம் படி: அந்தக் காசு எங்கிருந்து, எந்த மாதத்தில்?

ஒருமுறை பரந்தன் பக்கமிருந்து ஒரு அண்ணை வந்தார். நாலரை ஏக்கர் வயல், மகனுக்கு ஒரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம். கட்டணத்தை இரண்டு தவணையில் கட்டலாம் என்று கடிதத்தில் இருந்தது. அண்ணைக்குச் சந்தோஷம். நான் தவணைத் திகதிகளைப் பேனையால் வட்டமிட்டுக் காட்டினேன்: செப்டெம்பர், ஜனவரி.

"அண்ணை, உங்கட நெல்லு எப்ப காசாகும்?"

"காலபோகம் வெட்டி மாசி, பங்குனி ஆகும்."

"சிறுபோகம்?"

"குளத்தில தண்ணியிருந்தா. அதுவும் எல்லா வருசமும் எனக்குப் பங்கு வராது."

கொஞ்ச நேரம் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜனவரியில் கையில் இருப்பது உரக்கடன்தான், காசில்லை என்று அவருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மகனுக்கு அறிவியல் நகரில் தொழில்நுட்பம் கிடைத்தது. இப்போது மோட்டார் சைக்கிளில் போய்வருகிறான்.

அடுத்தது காணி. வன்னியில் நிறையப் பேருக்கு இருப்பது உறுதிக் காணி இல்லை, பேமிற் காணி (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது). 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தது. அதை நினைத்தபடி விற்கவோ தனியாருக்கு ஈடு வைக்கவோ முடியாது. வங்கிக்குப் போனபிறகு இதை அறிந்து, பிறகு நகையையும் வட்டிக்காரரையும் தேடுவதுதான் வழக்கம். பிள்ளைக்கு ஆசை காட்டமுதலே பேமிற்றை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகக் காணிப் பிரிவில் கேளுங்கள்.

சொந்தக்காரரின் வாக்குறுதி? சித்தப்பாவிடம் மூன்று கேள்வி கேட்கலாம், மரியாதையாகவே. காசை விசா போடமுதலே பிள்ளையின் அல்லது தாய் தகப்பனின் வங்கிக் கணக்கில் போடுவீர்களா? முதல் வருடம் மட்டுமா, முழுக் காலமுமா? உங்களுக்கு வேலை போனால்? மூன்றாவதைக் கேட்க வாய் கூசும். ஆனால் அங்கே வீட்டுக்கடன் கட்டுகிறவருக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. கோபிக்கமாட்டார். கோபித்தாலும் இப்போதே கோபித்தது நல்லது.

காட்டுக்காசு பற்றி. 28 நாளுக்கு வட்டிக்கு வாங்கி வங்கியில் போட்டுக் காட்டித் திருப்பிக் கொடுக்கலாம் என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். போலி ஆவணம் என்று பிடிபட்டால் பிரித்தானியா பத்து வருடம் வரை, கனடா ஐந்து வருடம் தடை போடும். பிடிபடாவிட்டாலும் அங்கே இறங்கிய நாளே கையில் காசில்லாத மாணவர்தான்.

ஐந்தாம் படி: அந்தப் பட்டம் இங்கே செல்லுமா?

"நான் திரும்பி வரப்போறதில்லை" என்று சொல்லும் பிள்ளையும் இதைப் பார்க்கவேண்டும், ஏனென்றால் அது விசா அதிகாரியின் கையிலும் இருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தை எங்கள் மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். மருத்துவம் என்றால் இலங்கை மருத்துவ சபையின் பட்டியலையும், ஏ.எல்லில் அவர்கள் கேட்கும் அடிப்படைச் சித்திகளையும் பயணத்துக்கு முன்னரே பாருங்கள். படித்து முடித்து வந்து மறுபடி தகுதிப் பரீட்சை எழுதவேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மலிவாக டொக்டர் ஆகலாம் என்று போன சிலர் இந்தக் கட்டத்தில் வருடக்கணக்காக நிற்கிறார்கள்.

ஆறாம் படி: ஏஜென்சி

என் அக்காவின் மகன் ஒரு ஏஜென்சிக்கு மூன்று லட்சம் கட்டினான். துண்டில் "சேவைக் கட்டணம்" என்று மட்டும் இருந்தது. எந்தச் சேவை, விசா மறுத்தால் எவ்வளவு திரும்பும், ஒன்றுமில்லை. மறுக்கப்பட்டது. அவர்கள் காசைத் தராமல் வேறொரு நாட்டுக்கு விண்ணப்பம் போடலாம் என்றார்கள். அந்தத் துண்டை அச்செடுத்துக் கொடுத்தவனே நான். வாசிக்காமல் கொடுத்தேன்.

அதன்பிறகு எவர் வந்தாலும் நான் வாசிக்கச் சொல்வது: சேர்க்கைக் கடிதம் நிபந்தனையுள்ளதா, இல்லாததா? கல்லூரி அந்த நாட்டு அரசின் பட்டியலில் இருக்கிறதா? கனடாவுக்கு டி.எல்.ஐ இலக்கம், அவுஸ்திரேலியாவுக்குக் கிரிகோஸ் இலக்கம், பிரித்தானியாவுக்கு மாணவர் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியல். இவை அரசத் தளங்களில் இலவசமாகப் பார்க்கலாம். பத்து நிமிட வேலை. பல்கலைக்கழகக் கட்டணத்தைப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே அனுப்புங்கள். மின்னஞ்சல் கணக்கும் கடவுச்சொல்லும் பிள்ளையின் கையில் இருக்கட்டும்.

ஏழாம் படி: கடதாசிகள்

2009இல் இறுதி யுத்தத்தில் மாத்தளன் பக்கமிருந்து ஒரு பையோடு வந்த வீடுகள் இவை. பல தாய் தகப்பனின் பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு எல்லாம் பிறகு எடுத்த பிரதிகள். ஒன்றில் "கந்தையா", இன்னொன்றில் "கந்தசாமி". ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொரு படிவத்திலும் ஒவ்வொரு எழுத்து. இதைத் திருத்த மாதக்கணக்கு எடுக்கும். ஆகவே பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பரீட்சைச் சான்றிதழ் மூன்றையும் ஒரே மேசையில் பக்கம் பக்கமாக வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். கம்பஸ் பதிவுக்கும் இதே சிக்கல் வரும் என்பதால் எந்த வழியானாலும் வீண் வேலை இல்லை.

பாஸ்போட்டுக்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு. சான்றிதழ்களை வெளிநாட்டு அமைச்சில் உறுதிப்படுத்தக் கொழும்புக்குப் போகவேண்டியதில்லை. யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது. ஐ.ஈ.எல்.ரி.எஸ் ஆங்கிலப் பரீட்சைப் புள்ளி இரண்டு வருடம்தான் செல்லும். அவசரப்பட்டு எழுதாதீர்கள்.

எட்டாம் படி: நடுவழி

என்னிடம் கேட்டால், பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் பட்டம் இங்கே, இரண்டாவது பட்டம் அங்கே, அதுவும் அவர்கள் காசில். பொதுநலவாயப் புலமைப்பரிசில், ஜேர்மனியின் டி.ஏ.ஏ.டி, ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ், அமெரிக்காவின் புல்பிரைட், ஜப்பானிய அரசின் மெக்ஸ்ட், இவை முதுநிலைக்குக் கதவு திறப்பவை. கம்பஸில் முதல் வகுப்பும், ஒரு ஆய்வுக் கட்டுரையும், ஒழுங்கான ஆங்கிலமும் இருந்தால் வன்னிப் பிள்ளை அங்கே எவருக்கும் குறைந்தவர் இல்லை. தமிழில் ஏ.எல் படித்த பிள்ளைக்கு ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டுப் பழக அந்த நான்கு வருடமும் இருக்கிறது. நேரே வெளிநாடு போனால் முதல் கிழமையே பழகியிருக்கவேண்டும்.

ஏ.எல்லுக்குப் பின்னரே போகவேண்டும் என்றால் இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர் புலமைப்பரிசில்களை முதலில் பாருங்கள். நேரு நினைவுப் புலமைப்பரிசில், ராஜீவ் காந்தி புலமைப்பரிசில் போன்றவை இலங்கை மாணவருக்கென்றே இருப்பவை. யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. கேட்டு அறிய ஒருநாள் பயணம்.

இதற்கு எதிர்வாதமும் உண்டு, நியாயமானது. கம்பஸ் அழைப்புக்கே ஒரு வருடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. பட்டம் முடித்தவர்களும் வேலை கேட்டுக் கச்சேரி (மாவட்டச் செயலக) வாசலில் நின்றிருக்கிறார்கள். சித்தப்பா உண்மையிலேயே முழுக் கட்டணமும் கட்டக்கூடியவர், பிள்ளைக்கு விரும்பிய பாடம் இங்கே இல்லை, ஆங்கிலம் தயார் என்றால் போகட்டும். நான் மறிக்கமாட்டேன்.

கடைசிப் படி: மூன்றாவது நிரல்

இப்போது கொப்பியில் "நின்றால்" நிரலை மட்டும் வாசியுங்கள். இரண்டாம் வருடத்தில் அப்பாவுக்குச் சுகமில்லை. இங்கே: பஸ் ஏறி வரலாம், பரீட்சையைப் பிறகு எழுதலாம், கடன் இல்லை. அங்கே: விமானச் சீட்டு, கட்டாத தவணை, படிப்பை விட்டால் விசாவும் போகும், ஈடு வைத்த நகை. சில வீடுகள் அதைத் தாங்கும். கொழும்பில் வீடும் கனடாவில் இரண்டு மாமாவும் இருப்பவர்கள் தாங்குவார்கள். உங்கள் வீடு எது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

போன முறை முடிவு வந்தபோது ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு பிள்ளை தாயோடு வந்தாள். மூன்று நிரலையும் அழகான எழுத்தில் நிரப்பியிருந்தாள். மூன்றாவதில், எல்லாவற்றுக்கும் கீழே, "அம்மா தனிய" என்று இரண்டு சொல். தாய் அதை வாசித்துவிட்டு, "இதை வெட்டு, இது கணக்கில்லை" என்றார். பிள்ளை வெட்டவில்லை. என்னிடம் திரும்பி, "அண்ணா, யூனிகோட் வரிசையில வவுனியாவை முதலாவதாப் போடுங்கோ" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஐ.சி.சி.ஆர் படிவத்தையும் ஒருக்கா அச்செடுத்துத் தாங்கோ" என்றாள்.